சேவையகம் ஒழிந்தது, காத்திருப்பு ஒழிந்ததா?

'சேவையகமற்ற கணிமை' என்னும் தொடர் இன்று நமது விரிவுரை மண்டபங்களிலும் விடுதி அறைகளிலும் பெருமிதத்தோடு உச்சரிக்கப்படுகின்றது. சேவையகம் என்ற பாரம் நீங்கிவிட்டது, இனி எவரும் எங்கிருந்தும் எதனையும் பெறலாம் என்கின்றனர். இவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் நகரத்தவர். இரத்தோட்டைக்கு அப்பால், றிவர்ஸ்டன் வீதியை விட்டு விலகிய தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த கலைப்பீட மாணவன் என்ற முறையில் இக்கூற்றை மறுப்பது என் கடமை எனக் கருதுகின்றேன்.

முதலில் சொல்லின் மாயையைக் களைவோம். இம்முறையில் சேவையகம் இல்லாமற் போவதில்லை. அதனைப் பராமரிக்கும் பொறுப்பு மாத்திரமே கைமாறுகின்றது. 2014 இல் அமேசன் நிறுவனம் லாம்டாவை அறிமுகஞ் செய்தபோது நிகழ்ந்தது இதுவே. நிரலாளர் சிறு செயற்கூறொன்றை ஒப்படைப்பார். வேண்டுகோள் வரும்போது நிறுவனத்தின் யந்திரம் அதனை எழுப்பி இயக்கும். வேலை இல்லாதபோது நிறுத்திவிடும். அந்த யந்திரம் நமக்கு மிக அண்மையில் இருந்தாலும் கடலுக்கு அப்பாலுள்ள நகரமொன்றில்தான் இருக்கும். 2017 இல் கிளவுட்பிளேர் நிறுவனம் அறிவித்த 'வேர்க்கர்ஸ்' முறை, செயற்கூற்றை உலகின் பல நகரங்களுக்குப் பரப்பிப் பயனாளருக்கு அண்மையில் வைத்தது. இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் நகருக்கு அண்மையானது மலைக்கும் அண்மையானதாகிவிடுமா? எமது தடை கடலுக்கு அப்பால் இல்லை. லயத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே எழுந்து நிற்கும் மலைமுகட்டில் இருக்கின்றது.

இங்கேதான் வழிப்படுத்தல் என்னும் விடயம் முக்கியத்துவம் பெறுகின்றது. வரும் வேண்டுகோளின் முகவரியை நோக்கி, அதற்கு விடையளிக்க வேண்டியது எந்தச் செயற்கூறு எனத் தீர்மானிப்பதே வழிப்படுத்தல். தோட்டத்துப் பிள்ளைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காலைப் பெரட்டிலே இன்னாருக்கு இன்ன மலை எனப் பிரித்துவிடுவது போன்றதே இது. மலை பிரிப்பவர் கையிலே அதிகாரம் இருக்கின்றது என்பதும் நாம் அறிந்ததே.

அந்தப் பெரட்டுக்களத்தைப் பயனாளரின் கைக்கே கொண்டுவரும் வசதி நெடுநாளாக உண்டு. 2015 இல் குரோம் உலாவியும் 2018 இல் சபாரியும் 'சேர்விஸ் வேர்க்கர்' என்பதனை ஏற்றுக்கொண்டன. அது உலாவியின் பின்னணியில் நின்று, பக்கம் விடுக்கும் வேண்டுகோள்களை வலையமைப்புக்குச் செல்லுமுன் இடைமறிக்கும் நிரல். சேமித்த பிரதியைக் கொடுப்பதா, வெளியே அனுப்புவதா என்று அதுவே தீர்மானிக்கலாம். கிளவுட்பிளேரின் வேர்க்கர்ஸ் இதன் இடைமுகத்தைப் பின்பற்றியே அமைந்தது. ஆகவே 2021 இல் யப்பானிய நிரலாளர் யுசுகே வடா தொடக்கிய ஹோனோ போன்ற சிறிய வழிப்படுத்திகள் இரு சூழல்களிலும் இயங்கவல்லவை. கருவி இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

இருந்தும் நடப்பது யாது? உயர்தரப் பரீட்சையின் பின் இணையவழி விண்ணப்பமொன்றை நிரப்புவதற்காக நான் லயத்தின் பின்னாலுள்ள மலையில் மூன்று மாலைகள் ஏறினேன். ஒவ்வொரு மாலையும் அதே இலச்சினை, அதே அறிவுறுத்தல், அதே மாவட்டப் பட்டியல் யாவும் புதிதாக இறங்கின. நான்காம் பக்கத்தை அடையுமுன் தொடர்பு அறுந்தது. நிரப்பியவை அனைத்தும் மறைந்தன. மாறாத பட்டியலைக்கூட ஒவ்வொரு தடவையும் மலைக்கு அப்பாலிருந்து வருவித்தது யார் இட்ட கட்டளை? இயற்கையின் கட்டளை அன்று. வழிப்படுத்தலை எழுதியவரின் கட்டளை.

என் பாட்டனார் காலத்தில் கடிதங்கள் யாவும் தோட்டக் காரியாலயத்துக்கே சென்றன. லயத்துக்குத் தனி முகவரி இருக்கவில்லை. வழிப்படுத்தலிலும் இத்தகைய பிழையொன்று உண்டு. விதிகளை எழுதிய வரிசையிலே பொருத்தும் முறையில், அனைத்துக்கும் பொருந்தும் பொதுவிதியை முதலில் எழுதிவிட்டால் அதன் கீழுள்ள தனிவிதி எதுவும் எட்டப்படமாட்டாது. 'அனைத்தும் சேவையகத்துக்கே' என்பது அத்தகைய பொதுவிதியே.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். பழைய பிரதி மாணவனை ஏமாற்றாதா என்பது முதலாவது. ஏமாற்றும், ஆதலாற்றான் வழிகளைப் பிரிக்க வேண்டும் என்கின்றோம். கைந்நூலும் படிவமும் முதலில் சேமிப்பிலிருந்து வரட்டும். இறுதித் திகதியும் பெறுபேறும் முதலில் வலையமைப்பிலிருந்து வரட்டும். அது கிட்டாதபோது மாத்திரம், எப்போது பெறப்பட்டதென்ற குறிப்புடன் பழைய பிரதி தோன்றட்டும்.

வேர்க்கர் நிலையற்றது, உலாவி அதனை எந்நேரமும் நிறுத்திவிடும் என்பது இரண்டாவது. உண்மையே. ஆகவே நிரப்பியதை அதன் நினைவில் விடாது உலாவியின் தரவுக் களஞ்சியத்தில் எழுத வேண்டும். தொடர்பு மீண்டதும் தானே அனுப்பும் வசதி எல்லா உலாவிகளிலும் இல்லை. அங்கே பக்கம் மீளத் திறக்கப்படும்போது அனுப்பலாம். அதுவரை 'உமது விண்ணப்பம் இன்னும் எம்மை வந்தடையவில்லை' என்று தெளிவாகக் கூறவும் வேண்டும். முதல் வருகைக்குத் தொடர்பு இன்றியமையாதது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். ஒரு தடவை மலையேறச் சொல்வதை ஏற்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறச் சொல்வதை ஏற்க இயலாது.

இது கணினித் துறையினரின் காரியம், கலைப்பீடத்தாருக்கு இங்கென்ன வேலை என்பது மூன்றாவது. நிரல் எழுதுவது அவர்கள் காரியமாகலாம். ஆனால் எவர் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கணிதமன்று. அது நீதி பற்றிய வினா. அவ்வினாவை எழுப்பாத கலைப்பீடம் வேறு எதற்காக இருக்கின்றது?

எனவே நாம் கேட்பது சலுகை அன்று. மாணவர்க்கென அமைக்கப்படும் ஒவ்வொரு இணையத்தளத்தையும் திறப்பு விழாவுக்கு முன் ஒரு தடவை தொடர்பைத் துண்டித்துச் சோதித்துப் பாருங்கள். நிரப்பிய பெயர் நிலைத்து நிற்கின்றதா? படிவம் திறக்கின்றதா? இல்லையெனில் அத்தளம் இன்னும் கட்டிமுடிக்கப்படவில்லை என்று துணிந்து கூறுங்கள். விரிவுரையாளர்களும் சக மாணவர்களும் இதனைக் கூறும் நாளில், சேவையகம் எங்கே இருக்கின்றது என்பதைப் பற்றி லயத்துப் பிள்ளை கவலைப்பட வேண்டியிராது.