ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை க்ளிக்கு?

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்ககிட்ட ஒரு வியாதி உண்டு. ரெண்டு தளத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, இதுல நாலு க்ளிக்கு, அதுல ஏழு க்ளிக்கு, ஆகவே இதுதான் ஒசத்தின்னு தீர்ப்பு சொல்லிருவோம். ரயில் டிக்கெட் விஷயத்துல தீர்ப்பு இன்னும் சுலபம். ஐஆர்சிடிசி பழசு, தனியார் ஆப் எல்லாம் பளபளன்னு புதுசு, முடிஞ்சுது கதை. இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னு சொல்லுதேன்.

யூசபிலிட்டின்னா என்னன்னு 1998ல வந்த ஐஎஸ்ஓ 9241-11 தரநிலை தெளிவா சொல்லியிருக்கு. குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட சூழல்ல, சரியாவும் சிக்கனமாவும் திருப்தியாவும் முடிக்க முடியுதா? அவ்ளோதான். அழகா இருக்கான்னு கேக்கவே இல்ல பாருங்க. 'யாரு' என்பதுதான் முதல் கேள்வி. ஆபீஸ்ல ரெண்டு மானிட்டரோட உக்காந்திருக்கிற எனக்கு ஒரு பதில். கல்லிடைக்குறிச்சியில இருந்து சென்னைக்குக் கண்ணு காட்டப் போகணும்னு நிக்கிற எங்க சித்திக்கு வேற பதில்.

ஐஆர்சிடிசி இணையத்துல டிக்கெட் விக்க ஆரம்பிச்சது 2002ல. இன்னைக்கும் உள்ள நுழையவே கேப்சா. தளத்துல ஆங்கிலம் உண்டு, இந்தி உண்டு, தமிழ் கிடையாது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு முதல் பக்கத்துலயே சோதனை முடிஞ்சுபோச்சு. இதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனா போட்டியாளர்னு நாம சொல்ற ஆப்கள் நிஜத்துல போட்டியாளரே இல்ல. எந்த ஆப்ல போட்டாலும் ஐஆர்சிடிசி ஐடி வேணும், கடைசியில அதோட கடவுச்சொல்லையும் தட்டியாகணும். கடை வேற வேற, சரக்கு ஒரே கிடங்குல இருந்துதான் வருது. நெல்லை எக்ஸ்பிரஸ்ல இல்லாத பெர்த்தை எந்த ஆப்பும் கொண்டு வந்துராது. அதனால விலையிலோ சீட்டிலோ போட்டி போட முடியாம, தோற்றத்திலயும் 'கூடுதல் சேவை'யிலயும் போட்டி போடுறாங்க.

அதுல நல்லதும் உண்டு. வெயிட்டிங் லிஸ்ட் உறுதியாக எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு தனியார் ஆப்கள் காட்ட ஆரம்பிச்சப்புறம்தான் 2018ல ஐஆர்சிடிசியும் அதைக் கொண்டு வந்தது. சார்ட் போட்டப்புறமும் எல்லாரும் வெயிட்டிங்லயே இருந்தா இ-டிக்கெட் தானா ரத்தாயிரும், வண்டி ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கினவங்களுக்கு அந்த சதவீதம் பெரிய விஷயம்.

கெட்டதைச் சொல்றேன். சித்தி ஒருநாள் ஒரு பளபள ஆப்ல டிக்கெட் போட்டுட்டு இருந்தாங்க. பேரைச் சொல்ல வேண்டாம். தேடுறது, ரயிலைத் தேர்ந்தெடுக்கிறது எல்லாம் ஜோரா நடந்துச்சு. பணம் கட்டுற இடத்துக்கு முன்னாடி ஒரு கட்டம். 'ஆம், என் பயணத்தைப் பாதுகாக்கவும்'னு பெரிய பச்சை பட்டன். அதுக்குக் கீழ, கண்ணு நல்லா இருக்கிற எனக்கே தெரியாத சாம்பல் நிறத்துல, 'வேண்டாம், ரிஸ்க் எடுத்துக்கறேன்'. "ஏய்யா, வேண்டாம்னா ஏதும் ஆயிருமோ?"ன்னு கேட்டுட்டே பச்சையை அமுக்கிட்டாங்க. கிட்டத்தட்ட நூறு ரூபா போச்சு.

க்ளிக்கு எண்ணிக்கைப்படி பாத்தா அந்த ஆப்தான் ஜெயிச்சது. ஒரு தடவை கூட அவங்க தடுமாறல. அந்தத் தடுமாறாத வழிதான் பொறி! இதுக்கு டார்க் பேட்டர்ன்னு 2010ல ஹேரி பிரிக்னல் பேரு வச்சாரு. நம்ம நாட்டுலயும் 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகையைப் பட்டியல் போட்டு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. வேண்டாம்னு சொல்றவங்களைக் கூச்சப்படவோ பயப்படவோ வைக்கிறதும் அதுல ஒண்ணு.

இன்னொண்ணு. 2025 ஜூலையில இருந்து இணையத்துல தட்கல் போட ஆதாரோட இணைச்ச கணக்கு வேணும், மொபைல்ல ஓடிபி வரணும். முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதி இல்ல. கள்ளத்தனத்தைத் தடுக்க வந்த விதி, நோக்கம் நல்லதுதான். ஆனா இவ்வளவு நாள் ஏஜெண்டை நம்பி இருந்தவங்க இனி தானே திரையோட மல்லுக்கட்டணும். அப்போ அந்தத் திரை அவங்க மொழியில இருக்கணுமா வேண்டாமா?

என் தீர்ப்பு இதுதான். ஐஆர்சிடிசி ஆளைக் களைப்பாக்குது. பல ஆப்கள் ஆளை ஏமாத்துது. ரெண்டுல எது மோசம்னு கேட்டா, ரெண்டாவதுன்னுதான் சொல்லுவேன். களைச்சுப்போனவங்க ஸ்டேஷன் கவுண்டருக்காவது போவாங்க. ஏமாந்தவங்களுக்கு ஏமாந்ததே தெரியாது. முதல் பக்கத்துலயே மொத்தக் காசையும் காட்டணும், 'வேண்டாம்' பட்டன் 'ஆம்' அளவுக்கே இருக்கணும், எல்லாம் தமிழ்ல இருக்கணும். இந்த மூணையும் எவன் முதல்ல செய்யுதானோ அவன்தான் ஒசத்தி.

நீங்களும் ஏதாவது தளம் கட்டுறவங்களா இருந்தா ஒண்ணு செய்ங்க. போனை உங்க அம்மா கையில குடுத்துட்டுப் பக்கத்துல உக்காருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. அதுதான் ரொம்ப கஷ்டம் :-)