ஜனவரி முதல் தேதிப் பிள்ளைகள்

எங்கள் கொல்லிமலையில் எழுபதைத் தாண்டியவர்களின் ஆதார் விவரத்தைக் கணினியில் திறந்து பாருங்கள். எத்தனை பேருக்கு ஜனவரி 1 என்று இருக்கிறது! அன்று மட்டும் மலை முழுக்கப் பிரசவமா நடந்தது?

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவைக் கேட்டேன். "சாமை அறுப்புல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்" என்றது. சாமை அறுப்புக்கும் ஜனவரிக்கும் ஒட்டு உறவே கிடையாது. தெரிந்தது ஆண்டு மட்டும், அதுவும் குத்துமதிப்பு. நாளையும் மாதத்தையும் போட்டது மென்பொருள். இன்னோர் அட்டையில் வேறு தேதி. இரண்டும் ஒத்துவரவில்லை என்று முதியோர் உதவித்தொகை மனு திரும்பி வந்துவிட்டது.

மென்பொருள் எழுதும் என் தம்பி மகன், "பெரியப்பா, தேதிக் கட்டம் காலியாக இருந்தால் சிஸ்டம் ஏற்காது" என்கிறான். ஏற்காதபடி எழுதியது யாரப்பா? தேதி எழுதுவதற்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 8601, ஆண்டை மட்டும் எழுதவும் இடம் தருகிறது. பாஸ்போர்ட்டுக்கான சர்வதேச விதியில், தெரியாத நாளுக்கும் மாதத்துக்கும் எக்ஸ் எக்ஸ் என்று போடலாம்.

நாங்களும் ஊகித்தவர்கள்தான், மறைக்கவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1. மாதமும் தெரிந்தால் அம்மாதம் 16. இது விதி. நடுவில் நிற்பதால் பிழை ஆறு மாதத்தைத் தாண்டாது. ஜனவரி 1 போட்டால் கிட்டத்தட்ட ஓராண்டு பிசகும், அதுவும் எல்லோருக்கும் வயதைக் கூட்டியே. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அவர்களுடைய பிறப்புப் பதிவேட்டில் பிற்பாடு வரும் திருத்தம் ஓரத்தில்தான் ஏறும். மூல வரியின் மேல் யாரும் பேனா வைப்பதில்லை.

ஆதார் பதிவிலும் பிறந்த தேதிக்கு மூன்று வகை உண்டு: சரிபார்த்தது, அவரே சொன்னது, தோராயம். நல்ல ஏற்பாடு. ஆனால் 'தோராயம்' என்ற அந்த ஒரு சொல் அட்டையில் அச்சாவதில்லை. அடுத்த அலுவலகத்துக் கணினி அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றல்ல என்று சொல்லி, பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியை ஏற்றது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டியம்மா அதற்கு எங்கே போகும்?

மனுவை நானே மறுபடி எழுதிக் கொடுத்தேன். பிறந்த தேதி என்ற இடத்தில் "நாள், மாதம் தெரியாது, ஆண்டு தோராயம்" என்று எழுதினேன். அதைக் கணினியில் ஏற்ற வழியில்லை என்கிறார்கள். ஏதாவது ஒரு தேதி சொல்லச் சொல்கிறார்கள்.