‘ஹி கோ’ என்று எழுதினால் கிராமரே தெரியாது என்று அர்த்தமா? சிவப்பு மை சொல்லாத விஷயம்

ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரின் இங்கிலீஷ் நோட்டைத் திறந்து பாருங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புவதில் பத்துக்குப் பத்து. அடுத்த பக்கத்தில், நண்பனைப் பற்றி சொந்தமாக எழுதிய ஐந்து வரிகள் முழுக்க சிவப்பு மை. ‘ஹி கோ டு ஸ்கூல்’, ‘ஐ டிட் நாட் வென்ட்’... “இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் மண்டையில ஏறலையே” என்பதுதான் வீட்டிலும் வகுப்பிலும் வரும் முதல் கமென்ட்.

ஏறாமல் இல்லை. விதி தெரிகிறது, சொந்தமாக எழுதும்போது கைக்கு வரவில்லை. சைக்கிள் பற்றிப் படிப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் வேறு வேறு இல்லையா?

அந்த ‘எஸ்’ ஏன் இவ்வளவு படுத்துகிறது?

‘கோஸ்’ என்பதில் வரும் ‘எஸ்’ ஆங்கிலக் குழந்தைகளுக்கே லேட்டாகத்தான் வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த ரோஜர் பிரவுன், 1973-ல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ‘கோயிங்’ போன்ற சொற்களின் ‘இங்’ முதலிலேயே வந்துவிட்டது. இந்த ‘எஸ்’ பல படிகள் கழித்துத்தான் வந்தது. அப்படியிருக்க, வாரத்தில் சில பீரியட் மட்டும் இங்கிலீஷ் கேட்கும் பிள்ளையை இதற்காகத் திட்டுவது நியாயமா?

தமிழ் தடையா, துணையா?

“தமிழ்ல யோசிக்காதே” என்பது பல வகுப்புகளில் கேட்கும் அட்வைஸ். ஆனால் கிராமர் புரிய தமிழ்தான் ஷார்ட்கட்.

* ‘எஸ்’: அவன் போறான், அவ போறா, அது போகுது, அவங்க போறாங்க. ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுவது நம் பிள்ளைக்குப் பள்ளிக்கு வரும் முன்பே தெரியும். ஆங்கிலம் இந்த இடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மிச்சம் வைத்திருக்கிறது. ஹி, ஷி, இட் மூன்றுக்கும் அதே ‘எஸ்’.

* ‘டிட் வென்ட்’: ‘போனியா?’ என்பதில் காலம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, கேள்விக்குக் கடைசியில் ஓர் ‘ஆ’ போதும். ஆங்கிலத்தில் கேள்வி என்றால் ‘டிட்’ முன்னால் வந்து காலத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் ‘வென்ட்’ மறுபடி ‘கோ’ ஆகிவிடும். இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் காட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

* ‘எ’, ‘த’: “ஒரு நாய் வந்துச்சு. அந்த நாய் குரைச்சுது.” முதல் முறை சொல்லும்போது ‘எ’, தெரிந்த பிறகு ‘த’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் தொடங்க இது போதும்.

அப்போ என்ன செய்யலாம்?

ஒரு வாரம், ஒரு தப்பு. இந்த வாரம் ‘டிட்’ மட்டும் என்றால் அதை மட்டும் வட்டமிடுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். சரியான விடையை எழுதித் தராமல், பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நாற்பது நோட்டு திருத்தும் ஆசிரியருக்கும் இது சுமையைக் குறைக்கும்.

இங்கிலீஷ் தெரியாத பெற்றோரும் உதவலாம். ‘இன்னிக்கு என்ன நடந்துச்சு?’ என்று கேட்டு, மூன்று வரி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு தமிழில் விளக்கச் சொல்லுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசிக்கும்போது சில தப்புகள் பிள்ளையின் காதுக்கே தட்டுப்படும்.

மார்க் போயிடுமே?

நியாயமான பயம். தேர்வில் கிராமருக்கு மார்க் உண்டு, விதிகளையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் விதியை மட்டும் படித்தவர், வேலைக்கான இன்டர்வியூவில் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றதும் உறைந்து போவதை இதைப் படிக்கும் பலரே பார்த்திருப்பார்கள். சிலருக்கு அது சொந்த அனுபவமாகவும் இருக்கும்.

அந்த பயத்தின் விதை பள்ளி வகுப்பிலேயே விழுந்துவிடலாம். வகுப்பே சிரித்த ஒரு நாளுக்குப் பிறகு பிள்ளை கை தூக்குவதை நிறுத்திவிடுகிறது. தப்பாகப் பேசும் பிள்ளையைத் திருத்த முடியும். பேசுவதையே நிறுத்திவிட்ட பிள்ளையிடம் எதைத் திருத்துவது?