அங்கீட்டியும் அடைத்த கதவும்

தில்லிக் குளிர் வந்தாச்சு. மயூர் விஹாரில் எங்கள் காலனி வாட்ச்மேன் அங்கீட்டி மூட்ட ஆரம்பித்துவிட்டார். அங்கீட்டி என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் கரி அடுப்புதான்.

தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் மூட்டினேன். அப்போது கரோல் பாகில் மொட்டைமாடி பர்சாத்தி. ஜன்னல் இடுக்கிலெல்லாம் செய்தித்தாள் அடைத்தாச்சு. புகை அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனன்றது. நடுராத்திரி மனைவிக்குத் தலைவலி, வாந்தி. ஏதோ சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்துக் காற்றுக்காகக் கதவைத் திறந்தேன். பிழைத்தது அதனால்தான்.

புகை போனால் ஆபத்தும் போச்சு என்பது நம் தப்புக் கணக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. 2024 ஜனவரியில் தில்லி அலிப்பூரில் ஒரே குடும்பத்தில் 4 பேர் இப்படித்தான் போனார்கள்.

நம்ம வீட்டில் ஹீட்டர் இருக்கு. வாட்ச்மேன் கூண்டுக்குள்? 'கரி மூட்டாதே' என்று அதட்டுவது சுலபம். விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவர் குளிருக்கு என்ன செய்வார்? காற்று மாசு அதிகமாகும் நாட்களில் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்கச் சொல்லி குடியிருப்போர் சங்கங்களுக்கு விதியே இருக்கிறது. வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டால் முடிகிற காரியம்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்க காலனியில் கேளுங்களேன்.