புது மோட்டார் சைக்கிளும் முதல் 500 கிலோமீட்டரும்

நம் நாட்டில் புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், அதைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். சந்தனம், குங்குமம், கழுத்தில் ஒரு மாலை, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் சம்பிரதாயப்படி நடக்கின்றன. இதில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் கோயிலிலிருந்து திரும்பும்போதே பின்னால் ஒரு சிநேகிதரை ஏற்றிக்கொண்டு, "எவ்வளவு தூரம் இழுக்கும், பார்த்துவிடலாம்!" என்று வேகப் பரீட்சை நடத்தும் இளைஞர்களைக் காணும்போதுதான் மனம் பதைக்கிறது. எலுமிச்சம்பழத்தினால் கழியாத திருஷ்டி ஒன்று உண்டு. அது வண்டியின் சொந்தக்காரருடைய வலது மணிக்கட்டில் இருக்கிறது.

நடுத்தரக் குடும்பத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குவது லேசான காரியமன்று. தகப்பனாரின் சேமிப்பு கொஞ்சம், பாங்கிக் கடன் கொஞ்சம், மாதந்தோறும் தவணை என்று வீட்டுச் செலவுக் கணக்கையே அது மாற்றிவிடுகிறது. அப்படி வந்த யந்திரம் பதினைந்து வருஷம் உழைக்குமா, அல்லது தவணை தீருவதற்குள் நீலப் புகை விட ஆரம்பிக்குமா என்பது பெருமளவுக்கு அதன் முதல் ஒரு மாதத்தைப் பொறுத்திருக்கிறது. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறைக்குள் சென்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வரட்டும். புது இரும்புத் தோசைக்கல்லில் வாங்கிய அன்றே யாராவது தோசை வார்க்கிறார்களா? எண்ணெய் தடவி, சூடாக்கி, வெங்காயத்தால் தேய்த்து, சில நாள் பழக்கிய பிறகல்லவா அது தோசையை விடுகிறது! யந்திரமும் அவ்விதமே பழக்கப்பட வேண்டிய பொருள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகிப் புகழ்பெற்ற புல்லட் வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பிறந்த வண்டிதான் அது. பிறந்த வீட்டில் அதன் உற்பத்தி நின்றுபோன பிறகும் புகுந்த வீட்டில் செழித்து வளர்ந்தது. 1977ல் நம்மவர்கள் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள்! அந்தப் பழைய 350 புல்லட்டின் ஸிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்புக் குழாய். அதனுள் அலுமினியப் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் மேலும், 90 மில்லிமீட்டர் கீழுமாக ஓடுகிறது. யந்திரம் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் அந்த ஒரு நிமிஷத்தில் 540 மீட்டர் பிரயாணம் செய்துவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் 32 கிலோமீட்டருக்கு மேல்! நாம் வெளியூர் போகிறோம். பிஸ்டனோ ஒரு சாண்கூட நீளமில்லாத பாதையிலேயே நம்மோடு யாத்திரை செய்கிறது.

இப்பாதையின் சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் உண்மையில் அப்படியில்லை. அதில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கீறல்களைத் தொழிற்சாலையிலே வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அக்கீறல்களின் கூர்மையான முகடுகளைத் தேய்த்து மட்டப்படுத்த வேண்டும். பள்ளங்கள் மாத்திரம் மிஞ்சி எண்ணெயைத் தாங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் வளையமும் சுவரும் இடைவெளியின்றிப் பொருந்தும். இந்தப் பொருத்தம் பார்க்கும் வைபவத்துக்குத்தான் 'ரன்னிங் இன்' என்று பெயர்.

இதில் இரண்டு விதமான தவறு நேர்கிறது. புதிதிலேயே முழு வேகத்தில் விரட்டினால் உராய்வினால் சூடு மிகுந்துவிடும். அலுமினியம் இரும்பைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும் உலோகம். எனவே பிஸ்டன் பருத்து, சுவரைக் கவ்வி, ஓடுகிற வண்டியைச் சட்டென்று நிறுத்தினாலும் நிறுத்திவிடும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது இப்படி நேர்ந்தால் நஷ்டம் யந்திரத்தோடு போகாது. இரண்டாவது தவறு அதிகச் செல்லம். இதைப் பெரியவர்களே பெரும்பாலும் செய்கிறார்கள். தினமும் காலையில் வண்டியைத் திண்ணை ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் சும்மா உறுமவிடுவது, ஓட்டினாலும் நடைவண்டிபோல் ஓட்டுவது என்று இருப்பார்கள். வளையங்களைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தந்தான். யந்திரத்துக்கு வேலையே கொடுக்காவிட்டால் அந்த அழுத்தம் எங்கிருந்து வரும்? கீறல்களில் எண்ணெய் கருகி, கண்ணாடிபோல் மெருகேறி, பொருத்தம் நடவாமலே போய்விடும். பிறகு ஆயுள் முழுவதும் எண்ணெய் குடிக்கும் வண்டியாகிவிடுகிறது.

ஆகவே நடுவழியே நல்வழி. காலையில் யந்திரத்தைக் கிளப்பி, அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ பொறுத்து, நிதானமாகப் புறப்பட்டுவிட வேண்டும். வண்டியுடன் கொடுக்கும் கையேட்டில் கண்ட வேக வரம்பை மீறாமல், அதற்குள்ளாகவே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். அளவான மேட்டில் ஏற்றலாம். ஆனால் உயர்ந்த கியரிலேயே திணறத் திணற ஏற்றுவது கூடாது. நாள்தோறும் ஆபீஸுக்குப் போகவர 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 500 கிலோமீட்டர் என்பது இருபத்தைந்து நாள் விரதம். இதை ஒரே நாளில் முடித்துவிடலாமென்று சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே வேகத்தில் போய்ச் சேருகிறவர் விரதத்தைப் பூர்த்தி செய்தவர் ஆகமாட்டார். முற்காலத்தில் இங்கிலாந்தில் புது மோட்டார் வண்டியின் பின்புறம், 'பழக்கிக்கொண்டிருக்கிறோம், முந்திச் செல்லுங்கள்' என்று எழுதி ஒட்டிக்கொள்வார்களாம். நம் ஊர்ச் சாலைகளில் அப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதாமலே முந்துகிறார்கள்!

"இதெல்லாம் தாத்தா காலத்துச் சமாசாரம், இப்போது யந்திரங்களை மிக நுட்பமாகச் செய்கிறார்களே?" என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். கடைசல் வேலையும் உயர்ந்துவிட்டது, எண்ணெயும் உயர்ந்துவிட்டது, பொருத்தமும் விரைவில் முடிந்துவிடுகிறது. ஆயினும் வளையமும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துத்தான் பொருந்துகின்றன. கையேடுகளில் அந்த அத்தியாயத்தை இன்னும் எடுத்துவிடவில்லை. மின்சார மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் பிஸ்டன் விரதம் கிடையாது. ஆனால் டயரும் பிரேக்கும் அதற்கும் உண்டு. புது டயரின் மேற்பரப்பு வழுக்கும் குணமுடையது. சுமார் 150 கிலோமீட்டர் ஓடித் தேயும் வரையில், முக்கியமாக மழை நாட்களில், வளைவுகளில் வண்டியைச் சாய்க்கக் கூடாது. பிரேக் கட்டைகளும் முதல் சில நூறு கிலோமீட்டர் வரையில் முழுப் பிடிப்புக் கொடா. இவ்விரண்டையும் அறியாத இளைஞர் விழுந்து எழுந்த பிறகு சாலையைத் திட்டுகிறார்.

முதல் எண்ணெய் மாற்றத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். தேய்ந்த முகடுகளெல்லாம் எங்கே போயின? எண்ணெயில்தான் கலந்திருக்கின்றன. முதல் முறை வடிக்கும் எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஜரிகைப்பொடி தூவியதுபோல் மின்னுவதுண்டு. வடிகட்டி பெரும்பகுதியைத் தடுத்தாலும், அந்தப் பொடியோடு யந்திரத்தை மேலும் ஓட்டுவது அரிசியில் கல்லோடு சோறு வடிப்பதற்குச் சமம். ஆகையால் கையேடு 500 கிலோமீட்டர் என்று சொன்னால் 500தான். 'அடுத்த மாதச் சம்பளம் வரட்டும்' என்று 1500 வரையில் தள்ளுவது சிக்கனமாகாது. யந்திரம் சூடாயிருக்கும்போது வடித்தால் அழுக்கு எண்ணெயோடு சேர்ந்து இறங்கும். எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கும்போது வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும், பக்கத் தாங்கியில் சாய்த்து அல்ல. வீட்டில் காருக்கு வாங்கிய எண்ணெய் மிச்சமிருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே எண்ணெயில் நனைந்துகொண்டிருப்பதால், கார் எண்ணெயிலுள்ள சில சரக்குகள் கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவின் மேல் 'ஜாஸோ எம்.ஏ.' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது உத்தமம்.

மற்றவை சிறு வேலைகள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தளரும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்து, கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்து, எண்ணெய் இட வேண்டும். கம்பிச் சக்கரமானால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், தளர்ந்தது மட்டும் சுருதி பிசகி மந்தமாக ஒலிக்கும். சங்கீத ஞானமுள்ள வீடுகளில் இந்த வேலையைக் குழந்தைகளிடமே ஒப்படைக்கலாம். டயரின் காற்றை வண்டி ஓடிச் சூடாகுமுன் அளக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான ஒன்று பாக்கியிருக்கிறது. புது வண்டி வந்த வாரத்தில் மைத்துனர், சித்தப்பா மகன், எதிர்வீட்டுப் பையன் என்று யாராவது வந்து, "ஒரே ஒரு ரவுண்டு" என்று சாவி கேட்பார்கள். மறுத்தால் மனஸ்தாபம், கொடுத்தாலோ, இருபது நாள் விரதம் இருபது நிமிஷத்தில் பங்கமாகும். "500 கிலோமீட்டர் ஆகட்டும், முதல் சர்வீஸ் முடிந்த மறுநாளே உனக்குத்தான்" என்று தேதி குறித்துச் சொல்லிவிடுவதுதான் நாமறிந்த உபாயம். அப்படிச் சொன்ன தேதியை மறக்காமல், எண்ணெய் மாற்ற வேண்டிய தேதிக்குப் பக்கத்திலேயே காலண்டரில் குறித்துக்கொள்ளவும், மைத்துனர் மறக்கமாட்டார்.