கடலிலே துளை, கழனியிலே குழாய்!

கடலுக்கும் ஓசூருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான், தோழர்களே! கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்திலே, சிப்காட் சங்கொலி கேட்டு எழுந்து, சூசூவாடியைத் தாண்டினால் கன்னடச் சீமை என்னும் எல்லையோரத்திலே வாழும் உங்களுக்கு, குமரிக்கடலிலே டில்லி துளையிட்டால் என்ன, மன்னார் வளைகுடாவைக் குடைந்தால்தான் என்ன! அப்படி நீங்கள் எண்ணவேண்டும் என்பதுதான் டில்லியின் ஆசை. மீனவன் அழும்போது உழவன் உறங்கவேண்டும். உழவன் அலறும்போது தொழிலாளி ஷிப்டுக்குப் போய்விடவேண்டும். இந்த ஏற்பாடு குலையாதவரை அவர்களுக்குக் கவலை இல்லை.

2013ஐ மறந்தீர்களா? கொச்சியிலே கப்பலில் வந்து இறங்கும் எரிவாயுவைப் பெங்களூருக்குக் கொண்டுசெல்ல, கோவை தொடங்கிக் கிருஷ்ணகிரி முடிய ஏழு மாவட்டங்களிலே, 310 கிலோமீட்டர் நீளத்துக்கு, விளைநிலத்தைப் பிளந்து குழாய் பதிக்கக் கிளம்பிற்றே கெயில் நிறுவனம்! அதன் கையிலே இருந்தது 1962ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் பேசும் மொழி விசித்திரமானது. "நிலம் உன்னுடையதே, அப்பா! பட்டாவும் உன் பெயரிலேதான். ஆனால் குழாய் செல்லும் பட்டையிலே வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, மரம் நடாதே. சந்தை மதிப்பிலே நூற்றுக்குப் பத்து தருகிறோம், வாங்கிக்கொள்!" மாந்தோப்பையே வாழ்வாகக் கொண்ட கிருஷ்ணகிரி உழவனைப் பார்த்து, மரம் நடாதே என்கிறது சட்டம்!

நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா ஆணையிட்டார். அவர் எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை, ஆணை நியாயமானது. அது 2013 நவம்பரிலே உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. 2016 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. சட்டமன்றம் நமது, மண் நமது, மக்கள் நமது. குழாய் பற்றிய சட்டம் மட்டும் டில்லியுடையது! அது ஒன்றே போதுமாயிருந்தது.

இப்போது கடலுக்கு வாருங்கள். அங்கே நாடகம் இன்னும் நேர்த்தி. நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சி அமைப்பு எனக்குக்கூட வராது.

முதற் காட்சி, 2016. புதிய உரிமக் கொள்கை பிறக்கிறது. எந்தப் பரப்பு வேண்டும் என்று நிறுவனமே விரல் நீட்டிக் கேட்கலாம். ஆழ்கடல் எண்ணெய்க்கு முதல் ஏழு ஆண்டுகள் உரிமைத்தொகை கிடையாது. அதன் பிறகு நூற்றுக்கு ஐந்து, மிக ஆழமான கடலென்றால் இரண்டு. அந்த ஐந்தும் இரண்டும்கூடத் தமிழ்நாட்டுக்கு அல்ல, டில்லிக்கு! நிலத்திலே எடுத்தால் மாநிலத்துக்கு உரிமைத்தொகை. கடலிலே எடுத்தால் அரசியல் சட்டத்தின் 297ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

அடுத்த காட்சி, 2020 ஜனவரி. எண்ணெய்த் தேடலுக்கான ஆய்வுப் பணிகளைச் சுற்றுச்சூழல் அறிவிக்கையிலே 'பி2' என்னும் வரிசைக்குத் தள்ளினார்கள். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தானே என்று எண்ணாதீர்கள். அவை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒழித்தன; தாக்க அறிக்கையையும் ஒழித்தன. அனுமதி முத்திரை மாநில மதிப்பீட்டு ஆணையத்தின் கைக்கு வந்தது. பெயரிலே மாநிலம், அதை அமைப்பதோ மைய அரசு! இராமநாதபுரத்திலே 20 சோதனைக் கிணறுகளுக்கு அந்த ஆணையம் முத்திரை குத்திய செய்தி 2025இல் வெளியானபோது, திரும்பப் பெறச் சொல்லிச் சென்னைக் கோட்டை ஆணையிடவேண்டி வந்தது. பழி சென்னைக்கு, பலன் டில்லிக்கு!

சென்னையும் எப்போதும் சுத்தமாக நின்றதென்று சொல்லேன். மீத்தேன் ஒப்பந்தம் 2011 ஜனவரியில் இங்கேதான் கையெழுத்தாயிற்று. 2020 பிப்ரவரியில் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டமோ டெல்டாவின் கரையோடு நின்றுவிட்டது.

பின்னர்? 2025 பிப்ரவரியிலே பத்தாம் சுற்று ஏலம். மன்னார் வளைகுடாவை ஒட்டி, ஏறத்தாழ 9,990 சதுர கிலோமீட்டர். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு! கைவிடுங்கள் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மார்ச்சிலே மடல் எழுதினார். அதே மார்ச்சில் எண்ணெய் வயல் திருத்தச் சட்டம் மக்களவையிலே நிறைவேறியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியவனுக்கு ஆறு மாதச் சிறை இருந்தது. இப்போது சிறை இல்லை. அபராதம் கட்டினால் போதும். குமரிக்குத் தெற்கே மூன்று பரப்புகள், சேர்த்தால் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஏற்கெனவே ஓ.என்.ஜி.சி.யின் கைக்குப் போய்விட்டன.

மீன்பிடிப்புக்கு இடையூறு இராது என்கிறார்கள். 1976இலே குமரிக்கடலின் வாட்ஜ் திட்டு குறித்து இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டை எடுத்துப் பாருங்கள். மூன்றாண்டுக் காலம் இலங்கைப் படகுகள் அங்கே மீன்பிடிக்கலாம். அதற்குள் இந்தியா எண்ணெய் தேட முற்பட்டால், அந்த இடத்தில் மீன்பிடிப்பை நிறுத்திவிடவேண்டும்! எழுதிக்கொண்டது இதே டில்லிதான். எண்ணெய்த் தேடலும் வலையும் ஒரே நீரிலே ஒத்துப்போகா என்று 1976இலே தெரிந்திருந்த உண்மை, இன்று எப்படி மறந்துபோயிற்று?

"கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இறக்குமதி, நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். ஓசூர் உலைக்கு எரிவாயுவும் வேண்டும். மின்கலத்தில் ஓடும் வண்டிகள் உங்கள் மாவட்டத்திலேயே உருவாவதால் அந்தத் தேவை எந்தத் திசையில் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். எண்ணெய் வேண்டுமா என்பதல்ல வழக்கு. எவனுடைய வாழ்வை விலையாகக் கொடுப்பது என்பதை எவன் முடிவு செய்வது என்பதே வழக்கு. மேலே இருப்பவன் கழிவைத் திறந்தால் கீழே இருப்பவன் கதி என்ன என்பதைக் கெலவரப்பள்ளி அணையிலே பொங்கும் நுரையைக் கண்ட உங்களுக்கு நான் விளக்கவேண்டுமா?

சூளகிரியிலும் தேன்கனிக்கோட்டையிலும் அடுத்த கிராமசபை கூடும்போது, விளைநிலக் குழாயை எதிர்க்கும் தீர்மானத்தோடு இன்னொரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்: 2020 ஜனவரி அறிவிக்கையைத் திரும்பப் பெறு, குமரியிலும் இராமேசுவரத்திலும் மக்களைக் கூட்டிக் கேள். மீனவர் ஊர்களிலே நான் பேசப்போகும் கூட்டங்களில், 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தச் சொல்லும் வரியை அவர்களும் எழுதவேண்டும் என்று கேட்கப்போகிறேன்.