தீவுக்குப் போகலாமா, பிள்ளைகளோடு?

ராயகிரிக்காரர்களான எங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாயும் குற்றாலமும்தான். அந்தமானுக்கு டிக்கெட் எடுத்ததும் அத்தை கேட்டார்கள்: "சின்னவனைக் கடல்லயா எறக்கப் போறீக?"

நியாயமான கேள்வி. சகோதரிகளே, கைப்பிள்ளையும் பாட்டியும் கூட வந்தால் ஜாலிபாய் தீவைத் தேர்ந்தெடுங்கள். வண்டூரிலிருந்து படகு, திங்கட்கிழமை விடுமுறை. கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே பவளப்பாறையும் மீனும் பார்க்கலாம். பிளாஸ்டிக் கொண்டுபோக வனத்துறை விடாது. எவர்சில்வர் தூக்கில் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், அங்கே கடை கிடையாது. மழைக்காலத்தில் இதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவு.

பெரிய பிள்ளைகளுக்கு ஹேவ்லாக்கில் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) எலிஃபெண்ட் பீச். கரையோரம் ஆழம் குறைவு. முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய் மாட்டி, வழிகாட்டியைப் பிடித்தபடி மிதக்கலாம். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சளி, மூச்சிரைப்பு உள்ள பிள்ளையை மட்டும் இறக்காதீர்கள். பவளத்தின் மேல் காலை ஊன்றவும் விடாதீர்கள். 2010-இல் கடல் சூடேறி அங்கே நிறையப் பவளம் வெளுத்துச் செத்திருக்கிறது, பாவம்!

படகுக்காரரிடம் பேரம் அப்புறம். முதலில் பிள்ளைக்கு மிதவைச் சட்டையை மாட்டி, வாரையெல்லாம் இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பெரிசு. "ஒண்ணும் ஆகாதும்மா" என்பார்கள். சின்ன அளவு இல்லையென்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள், அடுத்த படகு வரும்.